துணி போர்த்தாத படம்

அந்த அருங்காட்சியகத்துக்குப் போகலாம் என்று சொன்னது நான் இல்லை, என் தங்கை மகள். விருத்தாசலத்தில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் அவள் நர்ஸாகச் சேர்ந்து கொஞ்ச நாள்தான் ஆகியிருந்தது. கூட வேலை பார்க்கும் பெண் ஒருத்தி லீவுக்குக் கடற்கரைப் பக்கம் போய்விட்டு வந்தவள், சுனாமியில் செத்தவர்களுக்காகப் புதிதாக ஒரு கட்டடம் கட்டித் திறந்திருக்கிறார்கள், சுவர் பூராவும் பெயர்களாக வெட்டி வைத்திருக்கிறார்கள் என்று சொல்லியிருக்கிறாள்.

"அம்மா பேரும் அதுல இருக்கும் இல்ல, பெரிம்மா? ஒரு தடவ போயிப் பாத்துட்டு வந்துடலாம்," என்றாள்.

எனக்கு இஷ்டமில்லை. ஆனால் பெற்றவளின் முகம்கூட ஞாபகமில்லாத பெண் கேட்கும்போது எப்படி முடியாது என்பது? திட்டக்குடியில் வேறு குடும்பத்தோடு இருக்கும் அவள் அப்பாவுக்குப் போன் போட்டுக் கேட்டேன். "நான் வரல அண்ணி. அந்தத் தெச பக்கமே எனக்கு வேணாம். நீங்க கூட்டிக்கிட்டுப் போயிட்டு வாங்க," என்று வைத்துவிட்டார். அவர்மேல் எனக்குக் குறையில்லை.

எங்கள் ஊருக்கும் கடலுக்கும் ஒரு சம்பந்தமும் கிடையாது. சுனாமி வந்த அன்று விருத்தாசலத்தில் ஒரு சொட்டுத் தண்ணீர் தரையில் விழவில்லை. நான் இன்றுவரை வேலை செய்வது பீங்கான் கம்பெனி ஒன்றில். சூளையிலிருந்து வரும் பியூஸ் கட்டைகளில் விரிசல் இருக்கிறதா என்று பார்த்துப் பிரிக்கிற வேலை. தங்கை பக்கத்துக் கம்பெனியில் பொம்மைகளுக்குப் பெயின்ட் அடித்தாள். விலை போகாமல் தங்கிவிட்ட பொம்மைகளை முதலாளியிடம் சொல்லி எடுத்துக்கொண்டு, லீவு நாளில் அவளும் அவள் புருஷனும் எங்கே கூட்டம் கூடுமோ அங்கே போய் விற்பார்கள். கிறிஸ்துமஸுக்கு மறுநாள் ஞாயிற்றுக்கிழமையாக இருந்தது. கடற்கரைக்குக் காலையிலேயே கூட்டம் வந்துவிடும் என்று விடிவதற்குள் கிளம்பினார்கள். தவழ்ந்துகொண்டிருந்த குழந்தையை என்னிடம் விட்டுவிட்டு, "பால் காச்சி வச்சிருக்கேன்க்கா, சூடு பண்ணிக் குடு," என்றாள். அவ்வளவுதான் அவள் என்னிடம் கடைசியாகப் பேசியது.

இரண்டாவது மூட்டையை எடுத்துவரப் புருஷன் மேட்டு ரோட்டுக்குப் போயிருந்தார். அவள் மணலில் பிளாஸ்டிக் தாளை விரித்துப் பொம்மைகளை அடுக்கிக்கொண்டிருந்தாள். அவர் பிழைத்தார்.

இப்போது நாங்கள் போனதும் ஒரு ஞாயிற்றுக்கிழமைதான். எந்த ஊர் என்று எழுதப் போவதில்லை. கட்டடம் பெரிதாக, வெள்ளையாக, கடலைப் பார்த்து நின்றது. கண்ணில் முதலில் பட்டது வாசலில் பைபரில் செய்து வைத்திருந்த நீல நிற அலை. இரண்டு ஆள் உயரம். நுரைக்கு வெள்ளை பெயின்ட். நடுவில் ஒரு ஆள் நிற்கிற அளவுக்குக் குடைந்துவிட்டிருந்தார்கள், உள்ளே நின்று படம் எடுத்துக்கொள்ள. ஒரு அப்பா தன் பையனை அதற்குள் நிறுத்திவிட்டு, "வாயத் தொறடா, பயப்படுற மாதிரி நில்லுடா," என்று செல்போனைப் பிடித்துக்கொண்டிருந்தார். பின்னால் நாலைந்து பேர் தங்கள் முறைக்காக நின்றார்கள்.

எனக்கு அங்கேயே கோபம் ஏறிவிட்டது. தங்கை மகள் என் கையைப் பிடித்து, "வா பெரிம்மா, உள்ள போலாம்," என்று இழுத்துக்கொண்டு போனாள்.

உள்ளே முதல் அறையில் தரையை மெஷின் வைத்து ஆட்டுகிறார்கள். இருட்டில் அலைச் சத்தம் வரும், முகத்தில் தண்ணீர் தெளிப்பார்கள், ஆட்கள் கத்துகிற சத்தத்தையும் போடுவார்கள். நாங்கள் போகவில்லை. கதவுக்கு வெளியிலேயே அந்தச் சத்தம் கேட்டது. "ஐயோ... அம்மா... புள்ளய புடி..." யாரையோ ஸ்டுடியோவில் உட்கார வைத்துக் கத்தச் சொல்லிப் பதிவு பண்ணியிருக்கிறார்கள். கதவு திறந்ததும் கல்லூரிப் பையன்கள் ஒரு கும்பல் சட்டையை உதறிக்கொண்டு சிரித்தபடி வந்தது. "செம்மயா இருக்குதுடா, இன்னொரு வாட்டி போலாமா?" என்றான் ஒருவன். அவனை நான் திட்டவில்லை. சுனாமியின்போது அவன் பிறந்திருக்கவே மாட்டான். அவன் சிரிக்கிற மாதிரி ஒரு அறையைக் கட்டியது யார் என்றுதான் கேட்க நினைத்தேன்.

அடுத்த அறையில் விஞ்ஞானம். கடலுக்கு அடியில் பூமி எப்படி விலகியது, அலை எப்படிக் கிளம்பியது என்று கலர் கலராக வரைந்திருந்தார்கள். சுமத்ரா பக்கத்திலிருந்து நம் கரைக்கு ஒரு சிவப்பு அம்பு. அம்புக்கு மேலே, வந்து சேர இரண்டு மணி நேரத்துக்கும் மேல் ஆனது என்று எழுதியிருந்தது. நான் அதைத் திரும்பத் திரும்பப் படித்தேன். அந்த நேரத்தில் என் தங்கை எங்கே இருந்திருப்பாள் என்று மனது கணக்குப் போட்டது. பூமி விலகியபோது அவள் பஸ்ஸில் ஜன்னலோரம் தூங்கிக்கொண்டிருந்திருப்பாள். இறங்கி டீ குடித்திருப்பாள். மூட்டையைத் தலையில் வைத்துக்கொண்டு மணலில் நடந்திருப்பாள். அலை அத்தனை நேரமும் வந்துகொண்டே இருந்திருக்கிறது. யாரும் யாருக்கும் சொல்லவில்லை. ஏன் சொல்லவில்லை, சொல்ல ஏன் ஒரு வழி இல்லாமல் இருந்தது என்று அந்தப் பலகையில் ஒரு வரி உண்டா என்று தேடினேன். கீழே கொட்டை எழுத்தில் 'இயற்கையின் சீற்றம்' என்று மட்டும் போட்டிருந்தது. பழியைத் தூக்கி இயற்கையின் தலையில் வைத்தாயிற்று. அதனிடம் போய் யார் கேட்க முடியும்?

பெயர்ச் சுவர் கருப்புக் கல்லில் இருந்தது. கடலோரக் கிராமம் ஒவ்வொன்றையும் தனித்தனியாகப் பிரித்து, அதன் கீழே பெயர்கள். இவள் விரலை வைத்து ஒவ்வொன்றாகப் படித்துக்கொண்டு போனாள். இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை. எங்கள் ஊரே இல்லை. அங்கே நின்ற வழிகாட்டிப் பெண்ணிடம் கேட்டோம்.

"நீங்க எந்தக் குப்பம்?" என்றாள் அந்தப் பெண்.

"விருத்தாசலம். அம்மா இங்க பொம்ம விக்க வந்தவங்க," என்றாள் இவள்.

"ஓ, வெளியூரா? வெளியூர்க்காரங்க எல்லாம் கடைசியில இருக்காங்க, பாருங்க," என்று கீழே காட்டினாள்.

கடைசி வரியில் 'மற்றும் பலர்' என்று வெட்டியிருந்தது.

என் தங்கை மகள் குனிந்து அந்த இரண்டு வார்த்தைகளைப் பார்த்தாள். அதன்மேல் கை வைத்தாள். கொண்டுவந்திருந்த பூவை அதற்குக் கீழே வைக்கப் போனாள். "வேணாம்," என்றேன் நான். என் குரல் எனக்கே முரடாகக் கேட்டது. "இது உங்கம்மா பேரு இல்ல. எடு அத." அவள் பூவை மறுபடி பைக்குள் போட்டுக்கொண்டாள். அப்போதே கிளம்பியிருக்கலாம். வெளியே போகும் வழி புகைப்படக் கூடத்தின் வழியாகத்தான் இருந்தது.

அங்கே படங்கள் ஆளுயரத்துக்குப் பெரிதாக்கி, பின்னால் விளக்குப் போட்டு மாட்டப்பட்டிருந்தன. உடைந்த படகுகள், ஒற்றைச் செருப்பு, இடிந்த பள்ளிக்கூடம். நான் தரையைப் பார்த்தே நடந்தேன். அவள் முன்னால் போய் ஒரு படத்தின் அடியில் நின்று, எழுதியிருந்ததை வாய்விட்டுப் படித்தாள்.

"அடையாளம் தெரியாத மீனவப் பெண்."

நிமிர்ந்து பார்த்தேன். என் தங்கை.

மகள் தன் தாய்க்கு நேர் எதிரில் நின்றுகொண்டு, யாரோ ஒரு பெண் என்று படித்துக்கொண்டிருந்தாள். அவளுக்கு எப்படித் தெரியும்? அவள் பார்த்ததெல்லாம் எங்கள் வீட்டுக் கல்யாணப் போட்டோவில் பவுடர் பூசி நகை போட்டு நிற்கிறவளை. இந்தப் படத்தில் இருந்தவள் ஒரு கல்யாண மண்டபத்து வாசலில் தரையில் கிடந்தாள். புடவை இல்லை. ரவிக்கை கிழிந்து தோளுக்குப் போயிருந்தது. முகத்தில் மணல்.

அந்த வாசல் எனக்குத் தெரியும். அன்றைக்குச் சாயங்காலம், பொழுது இருக்கும்போதே, நானும் என் வீட்டுக்காரரும் ஒரு வேனில் தொற்றிக்கொண்டு போய்த் தேடி அங்கே வந்து சேர்ந்தோம். வரிசையில் இருந்தவர்களை ஒவ்வொருவராகப் பார்த்துக்கொண்டு வந்தேன். அவளைக் கண்டதும் அழுகை வருவதற்கு முன்னால், அவள் மேல் ஒன்றுமே இல்லையே என்பதுதான் உறைத்தது. என் வீட்டுக்காரர் தோளில் கிடந்த துண்டை உருவி அவள்மேல் போட்டேன். பிறகு யாரோ ஒரு பழைய புடவை கொடுத்தார்கள், அதைச் சுற்றினோம். அங்கிருந்த போலீஸ்காரரிடம் பெயர் சொன்னோம், ஊர் சொன்னோம், இரண்டு பேரும் கையெழுத்துப் போட்டோம். அதற்குப் பிறகுதான் வீட்டுக்குக் கொண்டுவந்தோம். என் தங்கை அடையாளம் தெரியாதவளாக இருந்தது சில மணி நேரம்தான்.

அந்தச் சில மணி நேரத்துக்குள் ஒருவன் வந்திருக்கிறான். அவள் எதிரில் நின்றிருக்கிறான். வெளிச்சம் எப்படி விழுகிறது என்று பார்த்திருக்கிறான். படம் எடுத்துக்கொண்டு போயிருக்கிறான். அவன் கையில் ஒரு கர்சீப் இருந்திருக்காதா? எதையாவது மேலே போட்டுவிட்டு எடுத்திருக்கக் கூடாதா? இருபது வருஷம் கழித்து அதைக் கதவு அளவுக்குப் பெரிதாக்கி, பின்னால் விளக்கும் போட்டு, ஐஸ்கிரீம் சாப்பிட்டுக்கொண்டு போகிறவர்கள் பார்க்க மாட்டியிருக்கிறார்கள்.

"இன்னா பெரிம்மா? ஒடம்பு முடியலையா?" என்று அவள் என்னைப் பிடித்தாள்.

"உங்கம்மாடி," என்றேன்.

அவள் திரும்பிப் படத்தைப் பார்த்தாள். வெகுநேரம் பார்த்தாள். ஆஸ்பத்திரியில் பிணம் பார்த்துப் பழகத் தொடங்கியிருந்தவள். கத்தவில்லை. தோளிலிருந்த துப்பட்டாவை எடுத்தாள். சட்டத்தின் இரண்டு பக்கங்களிலும் அதைச் செருகி, அம்மாவின் கழுத்திலிருந்து கீழே மறைத்தாள். ஒரு பக்கம் நிற்காமல் நழுவியது. மறுபடி செருகிப் பிடித்துக்கொண்டே நின்றாள்.

செக்யூரிட்டி ஓடிவந்தார். "மேடம், படத்தத் தொடக் கூடாதுங்க. துணிய எடுங்க."

"எடுக்க மாட்டேன்," என்றாள்.

அவர் போய்ப் பொறுப்பாளரைக் கூட்டிவந்தார். நாற்பதுக்குள் இருக்கும், கழுத்தில் அட்டை மாட்டியிருந்தார், பேச்சு மரியாதையாகத்தான் இருந்தது. அந்த மரியாதைதான் எனக்கு இன்னும் எரிச்சலைக் கிளப்பியது.

"அம்மா, உங்க வருத்தம் எனக்குப் புரியுது. ஆனா இது ஒரு வரலாற்று ஆவணம். இந்தப் படம் வெளிநாட்டுல எல்லாம் பரிசு வாங்கியிருக்குது," என்றார்.

"பரிசு யாருக்குக் குடுத்தாங்க? இவளுக்கா?" என்றேன்.

"அப்படிக் கேக்காதீங்கம்மா. அன்னைக்கு நடந்த கொடுமைய ஜனங்க உணரணும் இல்லையா?"

"உணர்றதுக்கு என் தங்கச்சி துணியில்லாம கெடக்கணுமா? உங்க வூட்டுப் பொம்பளையா இருந்தா மாட்டுவீங்களா?"

அவர் கழுத்திலிருந்த அட்டையைச் சரிசெய்துகொண்டு கேட்டார்: "இவங்கதான் உங்க தங்கச்சின்னு ஏதாவது ஆதாரம் வச்சிருக்கீங்களா? இருந்தா ஒரு மனு எழுதிக் குடுங்க. கமிட்டி கூடும்போது வைக்கிறேன்."

என் வாழ்க்கையில் நான் பொது இடத்தில் கத்தியதில்லை. கம்பெனியில் சூப்பர்வைசர் ஏசினாலும் தலையைக் குனிந்துகொண்டு வேலை பார்க்கிறவள். அன்றைக்குக் கத்தினேன். "நான் எதுக்கு மனு குடுக்கணும்? மாட்டும்போது நீங்க யாருக்கு மனு குடுத்தீங்க? யார் வூட்டு வாசல்ல வந்து கேட்டீங்க?" கூடம் முழுக்க அப்படியே நின்றுவிட்டது. நான் படத்துக்குக் கீழே தரையில் உட்கார்ந்துவிட்டேன். இறக்கிக் கண்ணால் பார்க்காமல் எழுந்திருக்க மாட்டேன் என்றேன்.

அப்போது துடைப்பத்தோடு ஓரமாக நின்றிருந்த ஒரு பெண் பக்கத்தில் வந்து குந்தினாள். என் வயதுதான் இருக்கும். அங்கே கூட்டித் துடைக்கிறவள், பக்கத்துக் குப்பத்துக்காரி.

"இவங்களுக்கு ஆளு இருக்கீங்களா?" என்று கேட்டாள். "யாருமில்லாத பொண்ணுன்னு நெனச்சிக்கினு இருந்தோங்க்கா. எங்க பக்கத்துப் பொண்ணுதான், குடும்பத்தோட போயிட்டா போலன்னு... வெள்ளிக்கிழமைல நான்தான் ஒரு மொழம் பூ வாங்கியாந்து கீழ வைப்பேன்."

கோபம் கண்ணை மறைத்திருந்தது. "இத்தன நாளு பூ வச்சியே, ஒரு துணி போடத் தோணலியா உனக்கு?" என்று அவள்மேலும் பாய்ந்தேன்.

அவள் முகம் சுருங்கியது. "போட்டேங்க்கா. மூணு தடவ போட்டேன். எடுத்துட்டு, இன்னொரு வாட்டி செஞ்சா வேலைக்கு வராதன்னுட்டாங்க. என் ரெண்டு புள்ளைங்க பேரும் அந்தச் செவுத்துலதான் இருக்குது. இந்த வேலைய வுட்டா தெனம் அதப் பாக்க வுட மாட்டாங்க," என்றாள்.

நான் அவள் கையைப் பிடித்துக்கொண்டேன். அவள் துடைப்பத்தைச் சுவரில் சாய்த்து வைத்துவிட்டு என் பக்கத்திலேயே உட்கார்ந்துகொண்டாள். பொறுப்பாளர் அவளைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டார். அவள் எழுந்திருக்கவில்லை.

பார்க்க வந்தவர்களில் சிலர் செல்போனை எடுத்து எங்களைப் படம் பிடிக்க ஆரம்பித்தார்கள். அதுதான் வேலை செய்தது. எங்கள் கண்ணீர் செய்யாததை அந்தச் செல்போன்கள் செய்தன. பொறுப்பாளர் ஓரமாகப் போய் யாருக்கோ போன் பேசிவிட்டு வந்து, தற்காலிகமாக இறக்குகிறோம் என்றார். இரண்டு ஆட்கள் ஏணி கொண்டுவந்து இறக்கினார்கள். துப்பட்டாவோடு அப்படியே தூக்கிச் சாமான் அறைக்குக் கொண்டுபோனார்கள். நாங்கள் மூன்று பேரும் கூடவே போய், கதவைப் பூட்டும்வரை நின்றுவிட்டு வந்தோம். கிளம்பும்போது என் தங்கை மகள் பொறுப்பாளரிடம் தன் போன் நம்பரைக் கொடுத்தாள், கூட்டுகிற பெண்ணின் நம்பரையும் வாங்கிக்கொண்டாள்.

திரும்பி வரும்போது பஸ்ஸில் என் தங்கை மகள் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு வந்தாள். நெய்வேலி தாண்டிய பிறகு, "எனக்கு அம்மாவத் தெரியல, பெரிம்மா. எதுருலயே நின்னேன், தெரியல," என்று ஒரு தடவை சொன்னாள். அந்தப் படத்தைப் பார்த்தபோது வந்ததைவிட அதிகமான கோபம் எனக்கு அப்போதுதான் வந்தது. கல்யாணப் போட்டோவைத் தவிர, ஒரு பெண்ணுக்குத் தன் அம்மாவைப் பார்க்கக் கிடைத்த ஒரே முகம் அதுவாகவா இருக்க வேண்டும்?

இதோடு முடிந்தது என்றுதான் நினைத்தோம். ஒரு மாதம் போல் ஆகியிருக்கும். பொறுப்பாளரிடமிருந்து அவள் வாட்ஸப்புக்கு ஒரு செய்தி வந்தது. தங்கள் கோரிக்கை ஏற்கப்பட்டது, படம் நிரந்தரமாக நீக்கப்பட்டது என்று எழுதி, ஆதாரத்துக்கு அந்தச் சுவரைப் படம் எடுத்து அனுப்பியிருந்தார். என் தங்கை இருந்த இடத்தில் வேறு ஒரு படம் மாட்டியிருந்தது. ஒரு சிறு பெண், நாலு வயது இருக்கும், மணலில் குப்புறக் கிடந்தாள். அதற்கும் பின்னால் விளக்கு. அதற்கும் கீழே 'அடையாளம் தெரியாத'.

நாங்கள் சொன்னதில் அவர்களுக்குப் புரிந்தது அவ்வளவுதான். ஆள் வந்து சண்டை போடாத பிணமாகப் பார்த்து மாட்டியிருக்கிறார்கள்.

என் தங்கை மகள் யோசிக்கவே இல்லை. கூட்டுகிற பெண்ணுக்குப் போன் போட்டாள். அடுத்த ஞாயிறு நாங்கள் போய் இறங்கியபோது அந்தப் பெண் தன் குப்பத்திலிருந்து பத்துப் பதினைந்து பெண்களோடு வாசலில் காத்திருந்தாள். எல்லோரும் பழைய புடவை ஒன்று கொண்டுவந்திருந்தார்கள். கூடத்துக்குள் போய், செத்தவர்கள் இருந்த ஒவ்வொரு படத்தின் மேலும் ஒன்றைப் போர்த்திவிட்டுக் கீழே உட்கார்ந்தார்கள். அந்தச் சிறு பெண்ணின் படத்தருகே ஒரு வயதான அம்மா மட்டும் உட்காராமல் நின்று, குழந்தையின் காலையே பார்த்துக்கொண்டிருந்தாள். தன் பேத்தியாக இருக்குமோ என்று பார்ப்பதாகப் பிறகு சொன்னார்கள். குப்புறக் கிடக்கிற பிள்ளையைக் காலை வைத்து எப்படிக் கண்டுபிடிப்பது?

பொறுப்பாளர் இந்த முறை வரலாறு என்று பேசவில்லை. போலீஸைக் கூப்பிடுவேன் என்றார். "கூப்புடு சார், அவங்களும் வந்து பாக்கட்டும்," என்றாள் ஒரு பெண். சாப்பாட்டு நேரத்துக்கு முன்னால் கூடத்தைக் காலி பண்ணிப் பூட்டினார்கள். 'பராமரிப்புப் பணி' என்று அட்டை தொங்கவிட்டார்கள். அந்த அட்டை இன்னும் தொங்குகிறது. மன்னிப்பு என்று ஒரு வார்த்தை இதுவரை எவர் வாயிலிருந்தும் வரவில்லை. 'மற்றும் பலர்' என்பதற்குப் பதில் வெளியூர்க்காரர்களின் பெயர்களை வெட்டச் சொல்லிக் கேட்டோம், கல்லில் இடமில்லை என்கிறார்கள். வாசலில் பைபர் அலை மட்டும் நன்றாக இருக்கிறதாம், புது பெயின்ட் அடித்திருக்கிறார்களாம்.

கூட்டுகிற பெண்ணை மறு மாதமே வேலையிலிருந்து நிறுத்திவிட்டார்கள். என்னால்தானே என்று போனில் கேட்டால், "அட போங்க்கா, மீன் வித்தா பொழச்சிக்க மாட்டேனா? புள்ளைங்க பேரப் பாக்க டிக்கெட்டு வாங்கினு போவேன், எவன் தடுக்கிறான்னு பாக்குறேன்," என்கிறாள்.

மாசி மகத்துக்கு அந்தப் பெண் விருத்தாசலம் வந்தாள். கோயிலுக்குப் போய்விட்டு வீட்டுக்கு வந்தவள், சுவரில் மாட்டியிருந்த கல்யாணப் போட்டோவின் முன்னால் நின்றுவிட்டாள். என் தங்கை அதில் பல் தெரியச் சிரித்துக்கொண்டிருப்பாள். போட்டோக்காரர் அடக்கமாக நில்லும்மா என்று எத்தனை தடவை சொல்லியும் கேட்கவில்லை.

"இதா அவங்க?" என்று கேட்டாள்.

"இதான்," என்றாள் என் தங்கை மகள்.

"இன்னா சிரிப்பு சிரிக்குது பாரு," என்று அவள் முந்தானையால் கண்ணாடியைத் துடைத்தாள். "இவள போயி அப்படி வச்சிருந்தானுங்களே, பாவிங்க."

நான் சாப்பாடு எடுத்து வைக்க உள்ளே போனேன். அவர்கள் இரண்டு பேரும் அங்கேயே நின்று பேசிக்கொண்டிருந்தார்கள்.